விலாசத்துக்கு ஒரு வால்

உங்கள் பாங்கியின் விலாசம் உங்களுக்குத் தெரியுமா?

"இது என்ன கேள்வி? கடைத்தெரு முனையில், மருந்துக் கடை மாடியில்!" என்று பளிச்சென்று பதில் சொல்லி விடுவீர்கள். நான் கேட்பது அந்த விலாசம் இல்லை. உங்கள் செல்போனுக்குள்ளே இன்னொரு பாங்கி குடியிருக்கிறதே, ராத்திரி பகல் என்று பாராமல் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு, அதன் விலாசம். அதைக் கொஞ்சம் சொல்லுங்கள், பார்ப்போம்!

வாய் அடைத்துப் போனால் வெட்கப்பட வேண்டாம். போன மார்கழியில் எங்கள் குடியிருப்பில் நடந்த கோலப் போட்டிக்கு வந்திருந்த பதினொரு பெண்மணிகளிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. இரண்டு பேர் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். பத்துப் பேர் கையை விரித்து விட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் டக்கென்று சொன்னாள். ஆனால் அவள் சொன்னது பழைய விலாசம்! பாங்கி வீடு மாற்றிக் கொண்டு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஆமாம், நேயர்களே! நம் தேசத்துப் பாங்கிகள் எல்லாம் 2025-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் இண்டர்நெட்டில் வீடு மாற்றிக் கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டிருந்தது. பால் காய்ச்சினார்களா, பத்திரிகை அடித்தார்களா என்றால், இல்லை. நமக்கு வந்து சேர்ந்த சேதி என்னவோ சொற்பம்தான். ஆகையால் இந்த வீடு மாற்றத்தினால் நமக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, அல்லது இதுவும் பத்தோடு பதினொன்றா என்று இன்றைக்குச் சற்று உட்கார்ந்து யோசிக்கலாம் என்றிருக்கிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்து விட்டு வாருங்கள்.

இண்டர்நெட்டில் ஒவ்வொரு விலாசத்துக்கும் கடைசியில் ஒரு வால் உண்டு. புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் 'காம்' என்றோ 'இன்' என்றோ 'ஆர்க்' என்றோ வருமே, அதுதான். இந்த வால்கள் பிறந்த கதையில் ஒரு பெண்மணியின் கையும் இருக்கிறது. எலிசபெத் ஃபெயின்லர் என்று பெயர். சிநேகிதர்கள் "ஜேக்" என்று கூப்பிடுவார்கள். 1970-களில், கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய ஆபீஸில்தான் அன்றைய வலையில் சேர்ந்திருந்த அத்தனை கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டருக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் அந்த ஆபீஸைக் கூப்பிட்டுக் கேட்டுக் கொள்ள வேண்டும். அனுமார் வால் மாதிரிப் பட்டியல் வளர்ந்து கொண்டே போகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை வகுத்தார். வியாபாரிகளுக்குக் 'காம்', கல்லூரிகளுக்கு 'எடு', அமெரிக்க சர்க்காருக்குக் 'கவ்' என்ற வால்கள் ஃபெயின்லர் அம்மையாரின் கோஷ்டியார் யோசனையில் பிறந்தவை. 1985 மார்ச் 15-ஆம் தேதி ஸிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி முதன் முதலாகக் 'காம்' வாலைப் பதிவு செய்து கொண்டது.

கவனியுங்கள். ஆரம்பத்தில் வாலைப் பார்த்தால் ஆசாமி யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நீடிக்கவில்லை. 'காம்' வாலைக் காசு கொடுத்தவர்களெல்லாம் வாங்கிக் கொள்ளலாம் என்று ஆயிற்று. நம் நாட்டுக்கு 1989-ல் கிடைத்த 'இன்' வாலும் 2005 ஜனவரி முதல் தாராளமாகத் திறந்து விடப்பட்டது. 2012-ல் பெரிய திருவிழாவே நடந்தது. "யாருக்கு என்ன வால் வேண்டும்? விண்ணப்பம் ஒன்றுக்கு 1,85,000 டாலர் கட்டிவிட்டுக் கேளுங்கள்" என்று விலாசங்களை மேற்பார்க்கும் ஐகான் ஸ்தாபனம் அறிவித்தது. 1,930 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன! 'ஷாப்' என்ற ஒரு வால் மட்டும் 2016-ல் 4 கோடியே 15 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அங்குவில்லா என்று கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. பதினையாயிரம் சொச்சம் ஜனங்கள்தான். அதிர்ஷ்டவசமாக அந்தத் தீவுக்கு ஏற்கெனவே அமைந்திருந்த வால் 'ஏ.ஐ.' செயற்கை அறிவுக் கம்பெனிகளெல்லாம் அதற்குப் பறந்ததில், 2023-ஆம் வருஷம் மட்டும் அந்தத் தீவின் கஜானாவில் மூன்று கோடி டாலருக்கு மேல் வந்து விழுந்தது. கூரையைப் பிய்த்துக் கொண்டு கொடுப்பது என்பது இதுதான் போலிருக்கிறது!

இந்த வால்களில் முக்கால்வாசி என் அபிப்பிராயத்தில் வெறும் பிளாஸ்டிக் தோரணம். பளபளப்பாக இருக்கும், உபயோகம் ஒன்றும் கிடையாது. சில வால்கள் உபத்திரவமும் கூட. டோக்கெலாவ் என்ற தீவின் 'டி.கே.' வால் பல வருஷம் இனாமாகவே கிடைத்து வந்தது. இனாமாகக் கிடைத்தால் யார் முதலில் ஓடி வருவார்கள்? மோசடிப் பேர்வழிகள்தான். அந்த இனாம் விநியோகம் 2023-ல் ஒரு வழியாக நின்றது.

இத்தனையும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், புதிதாக ஒரு வால் வருகிறது என்றாலே நான் உடனே கை தட்டுகிறவள் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இந்தப் 'பாங்க் புள்ளி இன்' விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. இதை என் பெரியம்மாவின் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

பெரியம்மா திருச்சியில் தனியாக இருக்கிறாள். எழுபத்திரண்டு வயது. பெரியப்பா போன பிறகு வருகிற குடும்ப பென்ஷன்தான் அவளுக்கு ஆதாரம். பிள்ளை பூனாவில். "எனக்கு யாரும் காசு அனுப்ப வேண்டாம், என் காசு எனக்குப் போதும்" என்று நிமிர்ந்து நடக்கிற மனுஷி. செல்போனில் கரண்டு பில் கட்டுவாள், காஸுக்குப் பதிவு செய்வாள், பேத்தியின் பிறந்த நாளுக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்புவாள். 2023-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு சேதி வந்தது. "உங்கள் கணக்கு இன்று இரவோடு நிறுத்தப்படும். பான் நம்பரைப் புதுப்பிக்க இங்கே தொடவும்." கீழே ஒரு லிங்க். அதில் அவளுடைய பாங்கியின் பெயர் இருந்தது. அதன் பின்னால் ஒரு குறுக்குக் கோடு. அப்புறம் ஏதோ ஒரு வால். தொட்டாள். அதே நீல நிறம், அதே முத்திரை, "மோசடிக்காரர்களிடம் ஜாக்கிரதை!" என்ற அதே எச்சரிக்கை கூட அப்படியே அச்சடித்தது போல் இருந்ததாம். கேட்டதையெல்லாம் நிரப்பினாள். பத்து நிமிஷத்தில் நாற்பத்தெட்டாயிரத்து எழுநூறு ரூபாய் காணாமல் போயிற்று.

இரண்டு நாள் கழித்துத்தான் பிள்ளையிடம் சொன்னாள். அதற்குள் பணம் கை மாறி, ஊர் மாறி, மறைந்தே போய்விட்டது. பாங்கியில் கேட்டால், ரகசிய எண்ணைத் தாங்களே கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே தங்கள் அஜாக்கிரதை என்றார்கள். 2017-ல் ரிசர்வ் பாங்கி போட்ட விதியும் அப்படித்தான் இருந்தது. வாடிக்கைக்காரர் தாமே விவரத்தைக் கொடுத்து விட்டால், பாங்கிக்குத் தகவல் சொல்கிற வரையில் நஷ்டம் அவருடையது.

பிள்ளை போனிலேயே கத்தினான். "லிங்கைப் பார்த்தாலே தெரியவில்லையா, அம்மா?" என்று. பெரியம்மா என்னிடம் சொன்னாள்: "எப்படியடி தெரியும்? நிஜப் பாங்கி அனுப்புகிற சேதியிலும் இப்படித்தானே தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஒரு லிங்க் இருக்கிறது? எதைப் பார்த்து எதை நான் வித்தியாசம் கண்டு பிடிக்கிறது?"

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் ஒருவரிடமும் இல்லை. அன்றைய தேதியில் நம் பாங்கிகளின் விலாசங்கள் கலியாண வீட்டுச் செருப்புக் குவியல் மாதிரி இருந்தன. ஒன்றுக்குக் 'காம்' வால். ஒன்றுக்குக் 'கோ புள்ளி இன்'. ஒன்றுக்கு வெறும் 'இன்'. ஸ்டேட் பாங்கி 2012 திருவிழாவில் தன் பெயரிலேயே 'எஸ்.பி.ஐ.' என்று தனி வாலே வாங்கி வைத்திருந்தது. கூடவே பழைய விலாசமும் நடந்து கொண்டிருந்தது. எது நிஜம் என்று சொல்ல ஓர் இலக்கணம் இல்லாத இடத்தில், பொய் எழுதுவதற்கு என்ன கஷ்டம்? சில நூறு ரூபாய் கொடுத்தால் பாங்கியின் பெயரை நடுவில் வைத்து ஒரு விலாசம் கிடைத்து விடும்.

"விலாசத்தின் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை" என்று ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் மறந்து விடுங்கள். நீங்கள் எழுதுகிற கடிதத்தை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. கடிதம் போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவன் யோக்கியனா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. இப்போது திருடனுடைய வீட்டிலும் அந்தப் பூட்டு இனாமாகவே தொங்குகிறது. குரோம் பிரௌசரில் 2023-ல் அந்தப் படத்தையே எடுத்து விட்டார்கள்.

இனி புது வாலுக்கு வருவோம். 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி கவர்னர், இந்தியப் பாங்கிகளுக்கென்று 'பாங்க் புள்ளி இன்' என்ற தனி விலாசம் வரும் என்று அறிவித்தார். ஏப்ரல் 22-ஆம் தேதி உத்தரவும் வெளியாயிற்று. இதன் விசேஷம் என்னவென்றால், இந்த வாலைக் கடையில் வாங்க முடியாது. ஹைதராபாத்தில் ரிசர்வ் பாங்கி 1996-ல் ஆரம்பித்த ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ஸ்தாபனம் ஒன்றுதான் இதைப் பதிவு செய்து கொடுக்கும். பாங்கிகளுக்கு மட்டும்தான் கொடுக்கும். நீங்களோ நானோ கோடி ரூபாய் நீட்டினாலும் கிடைக்காது. சர்க்கார் காரியாலயங்களுக்கு மட்டும் 'கவ் புள்ளி இன்' என்று இருக்கிறதே, அந்த ஜாதி. உலகப் பொதுவாகவும் 'பாங்க்' என்ற ஒரு வால் 2015 முதல் இருக்கிறது. அதையும் சரி பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நம்மவர்கள் அதற்குப் போகாமல் நம் நாட்டு 'இன்' வாலுக்குள்ளேயே ஒரு தெருவை அடைத்துக் கொண்டார்கள். சாவி நம் கையில் இருக்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

சரி, இதைப் படிப்பது எப்படி? இங்கேதான், சகோதரிகளே, நீங்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். தபால் ஆபீஸில் கடிதத்தைப் பிரிக்கிறவர் நம் வீட்டுக் கதவு எண்ணையா முதலில் பார்க்கிறார்? கடைசி வரியைப் பார்க்கிறார். 1972 ஆகஸ்டு 15 முதல் நாம் எழுதி வருகிற பின் கோடு எண் 6-இல் ஆரம்பித்தால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று மூட்டை கட்டுகிறார். அப்புறம் ஊர், அப்புறம் தெரு, கடைசியில்தான் கதவு எண். இண்டர்நெட் விலாசத்தையும் அப்படியே பின்னாலிருந்து படிக்க வேண்டும். 'எஸ்.பி.ஐ. புள்ளி பாங்க் புள்ளி இன்' என்றால், 'இன்' என்பது தேசம், 'பாங்க்' என்பது பாங்கிகள் மட்டும் குடியிருக்கிற தெரு, 'எஸ்.பி.ஐ.' என்பது ஸ்டேட் பாங்கியின் கதவு. விலாசத்தின் ஆரம்பத்தில் இரட்டைச் சாய்கோடு வந்தால் அதை விட்டு விடுங்கள். அதற்கப்புறம் வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் 'பாங்க் புள்ளி இன்' என்று முடிய வேண்டும். சாய்கோடே இல்லாவிட்டால் விலாசத்தின் கடைசியில் அது இருக்க வேண்டும். அந்தச் சாய்கோட்டுக்கு அப்பால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கிறுக்கி வைக்கலாம். அது பெயர்ப் பலகை இல்லை, சுவர் விளம்பரம்.

எத்தன் சும்மா இருப்பானா? 'எஸ்.பி.ஐ. புள்ளி பாங்க் புள்ளி இன்' என்று அழகாக எழுதி, அதற்கப்புறம் இன்னொரு புள்ளி வைத்து, வேறு ஏதோ ஒரு பெயரைப் போட்டுக் 'காம்' என்று முடிப்பான். பாதி படித்து விட்டு நாம் ஏமாறுவோம் என்று அவனுக்கு நினைப்பு. அல்லது புள்ளியை எடுத்து விட்டு அந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோட்டைப் போடுவான். பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அர்த்தம் முற்றிலும் வேறு. புள்ளி இருந்தால் அது அந்த அடைத்த தெரு. கோடு இருந்தால் அது பொதுச் சாலையில் போகிறவன் வருகிறவன் வாங்கிய மனை. நாம் கோலத்துக்குப் புள்ளி வைக்கிறவர்கள். ஒரு புள்ளி பிசகினால் சிக்குக் கோலம் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை!

பெரியம்மாவுக்கு இதைப் போன தை மாதம் நேரில் போய் விளக்கினேன். அவள் பழைய எஸ்.எஸ்.எல்.ஸி.; இங்கிலீஷ் எழுத்து நன்றாகத் தெரியும். அந்த மோசடிச் சேதியை அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தாள். கண்ணாடியை மாட்டிக் கொண்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தாள். "அப்போது இந்தத் தெரு இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேனா?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். தெரு இருந்து, அது இருப்பது அவளுக்கும் தெரிந்திருந்தால், தப்பித்திருப்பாள் என்றுதான் சொன்னேன். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. அந்தப் பணம் போனதை விட அவளுக்குப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. அதற்கப்புறம் இரண்டரை வருஷமாக அவள் போனில் பைசா அனுப்பவில்லை. உச்சி வெயிலில் ஆட்டோ பிடித்துப் பாங்கிக்குப் போய் வரிசையில் நின்றாள். எந்தச் சேதி வந்தாலும் பூனாவுக்குப் போன் செய்து பிள்ளையைக் கேட்டாள். யாரையும் கேட்காமல் தானே பார்த்துத் தீர்மானிக்க ஒரு அடையாளம் அவளுக்கு வேண்டியிருந்தது. அது இப்போது இருக்கிறது.

ஆனால், அவளிடம் சொல்லாத ஒன்றையும் உங்களிடம் சொல்லி விடுகிறேன். இந்த வால் அரை வைத்தியம்தான். "போலீஸிலிருந்து பேசுகிறேன், உன்னைக் கைது செய்திருக்கிறேன், காமிராவை விட்டு நகராதே" என்று மிரட்டுகிறவனுக்கு விலாசமே தேவையில்லை. "கலியாணப் பத்திரிகை" என்று வாட்ஸப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதைத் திறந்ததும் போனுக்குள் புகுந்து கொள்கிறவனுக்கும் தேவையில்லை. ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு டெலிபோனில் குழைகிறவனை இந்த வால் ஒன்றும் செய்யாது. டெலிபோனுக்கு வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கணக்கு சம்பந்தமாகக் கூப்பிடுகிற பாங்கிகள் 1600 என்று ஆரம்பிக்கிற எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது. கடன் கொடுக்கும் கம்பெனி முதலான மற்றவர்களுக்கு 'ஃபின் புள்ளி இன்' என்று இன்னொரு தெரு வரப் போவதாகவும் அந்தப் பிப்ரவரி அறிவிப்பிலேயே இருந்தது. ஆகவே, பாங்கியல்லாத கடன் கம்பெனிக்குப் 'பாங்க் புள்ளி இன்' வால் இல்லையே என்று பதற வேண்டாம். பாங்கி என்று சொல்லிக் கொண்டு அந்த வால் இல்லாமல் வந்தால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள்.

எனக்குப் பாங்கிகளின் மேல் ஒரு மனத்தாங்கலும் உண்டு. பழைய விலாசத்தை அடித்தால் சத்தம் போடாமல் புது விலாசத்துக்குக் கொண்டு போய் விட்டு விடுகிறார்கள். சௌகரியம்தான்; ஆனால் வீடு மாறியதே தெரிவதில்லை. வாடிக்கைக்காரர்கள் அறியாத அடையாளம் குடத்துக்குள் வைத்த விளக்கு. அதோடு, சேதிகளில் எழுத்தைக் குறுக்கி, யாருக்கும் புரியாத குட்டி லிங்குகளை அனுப்புகிற வழக்கத்தை எல்லோரும் விட்ட பாடில்லை. எனக்கே என் பாங்கியிடமிருந்து அப்படி ஒன்று வந்தது. ஒரு பக்கம் தெருவை அடைத்துக் காவல் போட்டு விட்டு, மறு பக்கம் தாங்களே சந்து வழியாக வந்து கதவைத் தட்டினால், கிழவிகள் யாரை நம்புவார்கள்?

செலவு ஒன்றும் பிரமாதமில்லை. வருஷா வருஷம் தினசரிக் காலண்டர் அடிக்கிறார்கள் அல்லவா? ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்திலே, புள்ளியோடு சேர்த்துப் பெரிய எழுத்தில் விலாசத்தையும் போடட்டும். பாஸ் புத்தகத்தின் அட்டையில் போடட்டும். 'புள்ளி இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே ஒரு வால் இருக்கிற நாடு இது. பாங்கியின் விலாசம் என்னவோ இங்கிலீஷ் எழுத்தில்தான் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்றாவது நான்கு வரி தமிழில் விளக்கட்டும்.

அது வருகிற வரையில் பெரியம்மா வீட்டில் நான் எழுதிக் கொடுத்த அட்டைதான். பீரோவின் உட்கதவில், காஸ் பதிவு எண்ணுக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள். பாங்கியின் விலாசம் கறுப்பு மையில். இரண்டு புள்ளிகளும் மட்டும் சிவப்பு மையில். அதற்கும் கீழே, பணம் போனால் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண். போன வாரம் பேத்தியின் பிறந்த நாளுக்கு ஐந்நூறு ரூபாய் போனிலேயே அனுப்பினாளாம். அனுப்பி விட்டுத்தான் பிள்ளைக்குத் தகவல் சொன்னாள்.